சிறுநகரங்களில் வீடு கட்ட அனுமதி: சட்டமும் மனையும் மேற்பார்வையும்

தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும் முறை, கடந்த சில ஆண்டுகளில் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் காணாத மாற்றங்களைக் கண்டுள்ளது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் ஒரே விதித்தொகுப்பை அளித்தன. 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட சுயசான்று முறை, சிறிய வீடுகளுக்கு இணையவழியில் உடனடி அனுமதி பெறும் வாய்ப்பைத் தந்தது. இவ்விரண்டும் வரவேற்கத்தக்க சீர்திருத்தங்களே. எனினும் பேச்சுவழக்கில் 'பிளான் அப்ரூவல்' எனப்படும் இந்த அனுமதியைச் சுற்றியுள்ள சிக்கல்களின் வேர், வரைபடத்தைப் பரிசீலிக்கும் அலுவலக மேசையைவிட, அதற்கு முன்னுள்ள நில ஆவணங்களிலும் அதற்குப் பின் நடக்க வேண்டிய கள ஆய்விலும்தான் ஆழமாக ஊன்றியிருக்கிறது. இதுவரையிலான சீர்திருத்தங்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள மேசையையே தொட்டிருக்கின்றன.

அனுமதி என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் சட்டத்தின் பார்வையில் அவை இரண்டு. ஒரு நிலத்தை எந்தப் பயன்பாட்டுக்கு மாற்றலாம், அதில் எவ்வளவு பரப்பில், எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்பதை ஆராய்ந்து தரப்படுவது திட்ட அனுமதி. இது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கட்டடத்தின் அமைப்பு, காற்றோட்டம், கழிவுநீர் வசதி, பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்த்து உள்ளாட்சி அமைப்பு தருவது கட்டட அனுமதி. இதற்கு நகராட்சிகளில் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நெடுங்காலம் அடிப்படையாக இருந்து, 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அதற்கு வழிவிட்டது. சிறிய வீடுகளைப் பொறுத்தவரை இரு அனுமதிகளையும் வழங்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கே ஒப்படைக்கப்பட்டுள்ளதால், வீடு கட்டுவோர் பலருக்கு இந்த வேறுபாடே தெரிவதில்லை. கட்டடம் பெரிதாகி, கோப்பு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும்போதுதான் அது தெரியவருகிறது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நில உபயோகத்தையும் கட்டடங்கள் கட்டுவதையும் ஒழுங்குபடுத்துவதை நகராட்சிகளுக்குரிய பணிகளின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் திட்டமிடும் அதிகாரத்தின் மையம் மாநிலத் துறையிடமே இருக்க, ஒப்படைக்கப்பட்ட அளவுக்கு மட்டுமே நகராட்சி செயல்படுகிறது என்பதே இன்றைய நிலை.

இந்த முறையின் வரலாறு ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டிலேயே நகரமைப்புக்கெனத் தனிச் சட்டம் வந்தது; அதே ஆண்டின் நகராட்சிச் சட்டம், வீடு கட்ட விரும்புவோர் மனையின் வரைபடத்தையும் கட்டடத்தின் வரைபடத்தையும் அளித்து எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும் என்று விதித்ததோடு, நிர்வாக அதிகாரி 30 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால் மனுதாரர் நகர்மன்றத்தை நாடலாம் என்ற வழியையும் திறந்துவைத்தது. விரைவான அனுமதி என்ற எண்ணம் இணையம் வந்த பிறகு தோன்றியதன்று என்பதற்கு இது சான்று. காலக்கெடு சட்டத்தில் இருந்தும் நடைமுறையில் மதிக்கப்படாமற் போனதே குறை. 1972-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் கட்டட விதிகள் பல பத்தாண்டுகள் நகராட்சிகளை ஆண்டன. ஊராட்சிகளுக்கு 1997-ஆம் ஆண்டின் தனி விதிகளும், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் மலை நகரங்களுக்கும் வேறு விதிகளும் இருந்தன. நகராட்சியின் எல்லைக்கோடு ஓடும் ஒரு தெருவின் இரு பக்கங்களிலும் இருவேறு விதிகள் செல்லுபடியான அந்நிலையை, 2019 பிப்ரவரியில் வெளியான ஒருங்கிணைந்த விதிகள் பெருமளவு நீக்கின.

விதிகள் ஒன்றான பின்னும் மனைகள் ஒன்றாகவில்லை. சிறுநகரத்தில் விண்ணப்பம் தேங்குவதற்கான தலையாய காரணம், மனையின் பிறப்பிலேயே இருக்கிறது. வீடு கட்டும் மனை அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மனைப்பிரிவு என்பது, ஒரு பெரிய நிலத்தைச் சாலை, பொது இடம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கித் துண்டுகளாக்கி, உரிய அலுவலகத்தின் ஒப்புதலுடன் விற்பதாகும். ஆனால் நகரங்களின் விளிம்பில் இருந்த நஞ்சையும் புஞ்சையும் பல பத்தாண்டுகளாக ஒப்புதல் ஏதுமின்றிக் கல் நட்டு விற்கப்பட்டன. பத்திரப் பதிவு அலுவலகம் அவற்றைப் பதிவு செய்தது. வருவாய்த் துறை பட்டா வழங்கியது. நகராட்சி காலிமனை வரி வசூலித்தது. மூன்று அலுவலகங்களின் முத்திரைகளும் கையில் இருக்க, நான்காவது கேள்வியான மனைப்பிரிவு ஒப்புதல், வீடு கட்ட விண்ணப்பிக்கும் நாளில்தான் எழுந்தது. வாங்கியவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அரசின் ஒரு கை ஏற்றதை மறு கை மறுத்த இடம் இது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது இந்த நெடுங்கால மௌனம் உடைந்தது. தமிழகம் முழுவதும் மனை விற்பனை முடங்கியதைத் தொடர்ந்து, 2017 மே மாதத்தில் அங்கீகாரமற்ற மனைகளையும் மனைப்பிரிவுகளையும் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. வரன்முறைப்படுத்தல் என்பது, முன்பு ஒப்புதலின்றிப் பிரிக்கப்பட்ட மனைக்குக் கட்டணம் செலுத்தி, குறைந்தபட்ச நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பின்னர் சட்ட ஏற்பு பெறுவதாகும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே இது பொருந்தும் என்பதால், சிறுநகரத்தில் இன்றும் மனை வாங்குவோர் அந்தத் தேதியைத் தம் பத்திரத்தோடும் தாய்ப்பத்திரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீர்நிலை, பொதுச்சாலை, அரசு நிலம் ஆகியவற்றில் அமைந்த மனைகளுக்கு வரன்முறை கிடையாது. அவ்வாறே இருக்கவும் வேண்டும்.

பட்டாவிலும் சிக்கல் உண்டு. பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா முந்தைய உரிமையாளர் பெயரிலும் இருப்பது, உட்பிரிவு செய்யப்படாமல் பல பேர் ஒரே கூட்டுப் பட்டாவில் இருப்பது, பத்திரத்தில் 30 அடியாக உள்ள முகப்பு நில அளவை வரைபடத்தில் 28 அடியாகக் குறைவது ஆகியவை அன்றாடக் காட்சிகள். பழைய நகரப் பகுதிகளுக்கு நகர நில அளவைப் பதிவேடு உண்டு. அண்மையில் நகரத்தோடு இணைக்கப்பட்ட ஊராட்சிப் பகுதிகளில் கிராமப் புல எண்களே தொடர்கின்றன. ஊரின் நடுவிலுள்ள நத்தம் நிலங்களில், அதாவது தலைமுறைகளாகக் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில், பலருக்கு மூலப் பத்திரம் என்று காட்ட எதுவும் இருப்பதில்லை. கட்டட வரைபடம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் மனையின் நான்கு எல்லைகளும் ஆவணங்களில் ஒத்துவராத வரை அது மேசையிலிருந்து நகராது. வருவாய்த் துறையின் நில அளவர் ஒருமுறை வந்து அளந்து கல் ஊன்றிவிட்டால் தீரக்கூடிய இச்சிக்கல், அதற்குக் காத்திருக்கும் காலத்தால் அனுமதியின் சிக்கலாக உருமாறிவிடுகிறது.

காவிரிப் படுகையின் கோயில் நகரங்களில் இன்னொரு வகை மனையும் உண்டு. கும்பகோணத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1866-இல் நகராட்சியாகி 2021-இல் மாநகராட்சியான இந்நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தமான நிலத்தில் அடிமனை வாடகை செலுத்தி, மேலுள்ள கட்டடத்தைத் தம்முடையதாக வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பழைய ஓட்டுவீடு மழையில் ஒழுகி, சுவர் சாய்ந்து, திருத்திக் கட்டியே தீர வேண்டிய நிலையில் அவர்கள் உள்ளாட்சி அமைப்பை அணுகும்போது, நில உரிமையாளரின் இசைவு கேட்கப்படுகிறது. கோயில் நிலம் பற்றிய முடிவுகள் 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் அந்த இசைவு எளிதில் வருவதில்லை. கோயில் சொத்தைக் காப்பது அவசியம். அதே வேளையில், பாழடைந்த வீட்டில் ஆபத்துடன் வாழும் குடும்பத்துக்குப் பழுதுபார்க்கும் இசைவை ஒரு வரையறுத்த காலத்துக்குள் தருவதால் கோயிலின் உரிமை எவ்வகையிலும் குறைந்துவிடாது.

இனி மனைக்குள் வருவோம். வரைபடப் பரிசீலனையில் இரண்டு அளவுகள் முக்கியமானவை. ஒன்று தளப்பரப்புக் குறியீடு; எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் அது, மக்கள் வழக்கில் எஃப்.எஸ்.ஐ. உயரம் குறைந்த கட்டடங்களுக்கு முன்பு 1.5 ஆக இருந்த இது 2019 விதிகளில் 2 ஆக உயர்த்தப்பட்டது. மற்றொன்று, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய திறந்தவெளி. 'செட்பேக்' எனப்படும் இது, சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். சிறுநகரத்தில் மிகப் பரவலான 30-க்கு 40 அடி மனையை எடுத்துக்கொண்டால் அதன் பரப்பு 1,200 சதுர அடி. குறியீட்டின்படி 2,400 சதுர அடி வரை கட்டலாம். முன்புறம் 5 அடியும் மற்ற மூன்று பக்கங்களில் தலா 3 அடியும் விடுவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், கட்டுவதற்கு எஞ்சுவது 24-க்கு 32 அடி, அதாவது 768 சதுர அடி. தரைத்தளமும் முதல் தளமும் சேர்ந்து 1,536 சதுர அடி. குறியீடு அனுமதிக்கும் பரப்பை இரண்டு மாடிகளில் எட்டவே முடியாது. குறியீடு உயர்ந்ததால் சிறு மனைக்காரருக்குக் கிடைத்த பயன் சொற்பம் என்பதையும், அவரை உண்மையில் நெருக்குவது பக்கவாட்டு இடைவெளியே என்பதையும் இக்கணக்கு காட்டும்.

விதிமீறல் நிகழ்வதும் அந்த இடைவெளியில்தான். வரைபடத்தில் 3 அடி காட்டப்பட்டு, கடக்கால் தோண்டும்போது அது 2 அடியாகிறது. வெளிச்சுவரில் மாடிப்படி ஏறுகிறது. மேலே சன்ஷேடும் பால்கனியும் நீண்டு எல்லையைத் தொடுகின்றன. பக்கத்து வீட்டாரும் அவ்வாறே கட்டும்போது, இரு சுவர்களுக்கிடையே ஆள் நுழைய முடியாத ஓர் இடுக்கு எஞ்சுகிறது. மழைநீர் அங்கு தேங்குகிறது; சுவரின் வெளிப்பூச்சு ஒருபோதும் செய்யப்படாமல் செங்கல் அரிக்கிறது; செப்டிக் டேங்க் லாரியின் குழாய் பின்புறத்துக்குப் போக வழியின்றி வீட்டுக் கூடத்தின் வழியே இழுக்கப்படுகிறது. கட்டட விதியின் மதிப்பை இந்த இடுக்கில் நின்று பார்த்தால் தெளிவாக உணரலாம்: அது அரசுக்காக விடப்படும் இடமன்று, தன் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் வருவதற்கான இடம்.

ஆயினும் விதியும் ஊரின் வடிவத்தை உணர்ந்திருக்க வேண்டும். அக்ரகாரங்களிலும் பழைய கடைத்தெருக்களிலும் வீடுகள் பொதுச்சுவரால் இணைந்து வரிசையாக நிற்பவை. முகப்பு குறுகி, நீளம் மிகுந்து, நடுவிலுள்ள முற்றத்தின் வழியே வெளிச்சத்தையும் காற்றையும் பெறுபவை. அத்தகைய பகுதிகளைத் தொடர் கட்டடப் பகுதி என்று வரையறுத்து அங்குப் பக்கவாட்டு இடைவெளியைத் தளர்த்தும் ஏற்பாடு விதிகளில் உள்ளது. ஆனால் எந்தத் தெருக்கள் அந்த வரையறைக்குள் வரும் என்பதை முழுமைத் திட்டம் சொல்ல வேண்டும். முழுமைத் திட்டம் என்பது, நகரத்தின் எந்தப் பகுதி குடியிருப்பு, எது வணிகம், எது விவசாயம் எனப் பல ஆண்டுகளை முன்வைத்து வகுக்கப்படும் வரைபடமும் விதிகளும் ஆகும். பல சிறுநகரங்களின் முழுமைத் திட்டங்கள் ஒரு தலைமுறைக்கு முந்தையவை. பாகப்பிரிவினையில் 20 அடி முகப்பு இரண்டாகி 10 அடியாகக் குறுகும் தெருக்களுக்கு அத்திட்டங்களில் விடை கிடைப்பதில்லை.

இவற்றோடு, இடத்துக்கு இடம் சேரும் சிறப்புக் கட்டுப்பாடுகளும் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரையிலான ஒழுங்குமுறைப் பகுதியில் முன் அனுமதி வேண்டும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலைச் சுற்றி வாழ்வோர் இதை நன்கறிவர். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்கு வரையறுக்கப்பட்டுள்ளது. கடலோர நகரங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை உண்டு. திட்டப் பகுதிக்கு வெளியேயுள்ள நஞ்சை நிலத்தில் வீடு கட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும்.

கட்டணங்களைப் பொறுத்தவரை, தொகையைவிட அதன் பல கூறுகள்தாம் மக்களைக் குழப்பி வந்தன. பரிசீலனைக் கட்டணம், உரிமக் கட்டணம், 1971 சட்டத்தின் கீழான வளர்ச்சிக் கட்டணம், உட்கட்டமைப்பு வசதிக் கட்டணம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கான மதிப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு, காலிமனை வரியின் நிலுவை என ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கிடப்பட்டன. எந்தக் கட்டணம் எதற்கென்று விண்ணப்பதாரருக்குத் தெரியாத இடத்தில்தான் இடைத்தரகர் நுழைகிறார். வரைபடம் போடும் பொறியாளரிடமே மொத்தமாக ஒரு தொகை பேசிக் கொடுத்துவிட்டு, ரசீது எதையும் கேளாமல் அனுமதித் தாளை மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் வேரூன்றியதற்கு இதுவே காரணம். அத்தாள் வங்கிக் கடனுக்கும் மின் இணைப்புக்கும் தேவைப்படுகிறது; அந்த இரண்டும் கிடைத்தபின் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. வீட்டைக் கட்டும் கொத்தனாரோ மேஸ்திரியோ அதைக் கண்ணால் பார்ப்பது அரிது.

இப்பின்னணியில் 2024 ஜூலை 22 அன்று தொடங்கப்பட்ட சுயசான்று முறையின் சிறப்பை மனமாரப் பாராட்ட வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், 7 மீட்டர் உயரத்துக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டப்படும் வீடுகளுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் உறுதிமொழியையும் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கிறது. பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் விலக்கப்பட்டன. எஞ்சியவை உள்ளாட்சியின் தரத்துக்கேற்ப ஒரே தொகையாக்கப்பட்டன. முடிவுச் சான்றும் தேவையில்லை. முடிவுச் சான்று என்பது, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படியே கட்டடம் எழுந்துள்ளது என்று கட்டி முடித்தபின் அலுவலர் பார்த்துத் தரும் சான்று. நடுத்தரக் குடும்பத்தின் வீடு பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கும் என்பதால், மாதக்கணக்கில் காத்திருந்த ஒரு பெரும் பகுதியினர் காத்திருப்பிலிருந்து விடுபட்டனர்.

ஆனால் சுயசான்றின் பொருளை விண்ணப்பதாரர் உணர்ந்திருக்கிறாரா என்பது வேறு கேள்வி. முன்பு அலுவலர் பார்த்துச் சொல்ல வேண்டியதை இப்போது உரிமையாளரே உறுதியளிக்கிறார். தகவல் பிழையானால் அனுமதி இரத்தாகும், பொறுப்பு அவரையே சேரும். மனையின் எல்லை, நில உபயோகம், சாலையின் அகலம் ஆகியவை பற்றி உறுதியளிக்க அவருக்குத் தெளிவான ஆவணம் வேண்டும். மேலே சொன்ன உட்பிரிவுச் சிக்கலும் அளவு வேறுபாடும் தீராத மனைக்கு உடனடி அனுமதி கிடைத்துவிட்டால், சிக்கல் மறைவதில்லை; வீடு எழும்பி, கடன் தொகை முழுவதும் செலவான பிறகு, எல்லைத் தகராறாக அது திரும்பி வரும். இணையதளத்தில் சில நிமிடங்களில் முடியும் வேலைக்கு முன்னால், நில அளவரைக் கொண்டு மனையை அளந்து பார்க்கும் சில நாட்களை எவரும் தவிர்க்கலாகாது.

மேற்பார்வையின் குறை இதனினும் பெரிது. தமிழ்நாட்டில் விதிமீறல் கட்டடங்களை எதிர்கொள்ள அரசு பின்பற்றிய வழி, நெடுங்காலமாக வரன்முறைப்படுத்தலே. 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ பிரிவு சேர்க்கப்பட்டு, 1999 பிப்ரவரி வரையிலான கட்டடங்களுக்குக் கட்டணத்தின் பேரில் விலக்கு அளிக்க வழிசெய்யப்பட்டது. ஒருமுறை மட்டும் என்று சொல்லப்பட்ட அதன் கெடு பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டு நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு ஆளாயிற்று. 2012-இல் 113-இ பிரிவு வந்து, 2007 ஜூலை 1 வரையிலான கட்டடங்களுக்கு மற்றொரு வாய்ப்பளித்தது. மீறியவர் பின்னர் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம், விதிப்படி இடம் விட்டவர் தன் இடத்தை இழந்ததே மிச்சம் என்ற பாடத்தை இந்தத் தொடர் சலுகைகள் ஊர்தோறும் கற்பித்துவிட்டன. நேர்மையாக விதியைப் பின்பற்றியவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அது.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் அளித்த தீர்ப்பு, இப்போக்குக்கு எதிராக நாடு முழுமைக்கும் கடுமையான வழிகாட்டுதல்களை வகுத்தது. கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அனுமதிக்கப்பட்ட வரைபடம் அவ்விடத்தில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். அலுவலர்கள் அவ்வப்போது நேரில் ஆய்ந்து பதிவு செய்ய வேண்டும். முடிவுச் சான்றைப் பார்த்த பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் சிறு வீடுகளை முடிவுச் சான்றிலிருந்து விலக்கிய தமிழ்நாட்டின் முறைக்கும் இத்தீர்ப்புக்கும் இடையிலான முரண், சட்ட வாதத்தால் மட்டும் தீரக்கூடியதன்று. எல்லாச் சிறு வீடுகளுக்கும் முடிவுச் சான்றைக் கட்டாயமாக்கினால், பழைய காத்திருப்பும் இடைத்தரகரும் மறுவாயில் வழியே திரும்பிவிடுவர். ஆய்வே இல்லாமல் விட்டால், வரைபடம் வெறும் தாளாகவே நின்றுவிடும்.

நடுவழி ஒன்று உண்டு. அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, போதிய ஆட்கள் தேவை. ஒரு வீட்டின் இடைவெளிகள் முழுவதும் தீர்மானமாவது கடக்கால் எழுந்து தளமட்டம் கட்டும் நிலையில். அந்த ஒரு கட்டத்தில் நகரமைப்பு ஆய்வாளர் ஒருமுறை நேரில் வந்து நான்கு பக்கமும் நாடா பிடித்து அளந்து, அளவுகளை அதே இணையதளத்தில் உரிமையாளர் பார்க்கும்படி பதிவு செய்தால், மீறல் இருந்தாலும் அதைச் சில ஆயிரம் ரூபாய் செலவில் அங்கேயே திருத்திவிடலாம். மேல்தளம் கான்கிரீட் போட்ட பிறகு இடிப்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பை இடிப்பதாகும். அதனாலேயே எந்த அலுவலரும் அதைச் செய்யத் துணிவதில்லை, துணியவும் கூடாது. இன்று ஒரு நகராட்சியின் அத்தனை வார்டுகளுக்கும் ஓரிரு ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு இப்பணியை எதிர்பார்க்க முடியாது. கோப்புப் பரிசீலனை குறைந்ததால் மிச்சமான அலுவலர் நேரத்தை அரசு களத்துக்குத் திருப்ப வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். மனையை அளந்து உட்பிரிவு செய்து தரும் நில அளவர்களின் எண்ணிக்கையைச் சிறுநகரங்களில் உடனடியாக உயர்த்த வேண்டும்.